ஆர்.டி.இ-யில் சேர்ந்த பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன ஆனார்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நூல்கண்டு, ஈரோடு

என் பையன் 2025 ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்குப் போனான். எல்.கே.ஜி. முதல் எட்டு வரை பத்து வருஷம் ஒரே தனியார் பள்ளியில் படித்தவன், இப்போது அரசு உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். இதே நிலையில் வேறு பெற்றோரும் இருப்பீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2015-இல் ஆர்.டி.இ என்கிற கல்வி உரிமைச் சட்டத்தில் சேர்த்தோம். தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை எங்களைப் போன்றவர்களுக்கு ஒதுக்க வேண்டும், பீஸை அரசு கட்டிவிடும். இருந்த இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் வந்ததால் குலுக்கல் வைத்தார்கள். ஒரு சின்னப் பெண்ணை விட்டுச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். எங்கள் சீட்டு கடைசிக்கு முந்தினது. வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் இருந்து அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். பெயரைப் படித்ததும் என் கையை அப்படியே பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு பொது இடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

சேர்ந்த பிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. பீஸ் இல்லை என்றாலும் புத்தகம், சீருடை, வேன், ஆண்டு விழா டிரஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்டார்கள். நான் வீட்டில் உருப்படிக் கணக்கில் கூலிக்குத் துணி தைப்பவள். இரவில் கூடுதலாகத் தைத்துச் சமாளித்தேன். அது பரவாயில்லை. மூன்றாம் வகுப்பில் நடந்ததைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. ஏதோ கையெழுத்து வாங்க வேண்டும் என்று வகுப்பு நடுவில் ஒருவர் வந்து, “ஆர்.டி.இ பசங்க எல்லாம் எந்திரிங்க” என்று சொல்லியிருக்கிறார். ஐந்து பேர் எழுந்திருக்கிறார்கள். அன்று இரவு பையன் கேட்டான்: “அம்மா, ஆர்.டி.இ-ன்னா என்ன? அஜய் ஏன் எந்திரிக்கல?” (பெயரை மாற்றியிருக்கிறேன்.) அதுவரை எல்லாரும் ஒரே மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை.

சொல்லிக்கொடுக்கவும் எங்களால் முடியவில்லை. டைரியில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவார்கள். நான் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவள். தெர்மாகோலில் சூரிய மண்டலம் செய்யச் சொன்னால் மற்ற வீடுகளில் அப்பாக்கள் உட்கார்ந்து செய்துகொடுப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா வருவதே எட்டு மணிக்கு. வகுப்பில் பெஞ்ச் ஒன்றுதான். பெஞ்சை விட்டு வெளியே வந்ததும் அவன் வேறு இடத்தில் இருந்தான்.

கொரோனாவில் இது பச்சையாகத் தெரிந்தது. வீட்டில் ஒரே போன், அதுவும் அவர் கூடவே பட்டறைக்குப் போய்விடும். காலை ஆன்லைன் வகுப்பில் பையன் பெயர் எப்போதும் ஆப்சென்ட். அப்போது நான்காம் வகுப்பு எடுத்த மிஸ் ஒருவர் தானாகக் கூப்பிட்டு விசாரித்தார். விஷயம் தெரிந்ததும், “ராத்திரி எட்டரைக்கு நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க” என்றார். நீள் வகுத்தல் அவனுக்கு வரவே இல்லை. அந்த மிஸ் தமிழில் குரல் பதிவு அனுப்புவார்: “ஏழால வகுத்தாச்சா? இப்ப மீதியைப் பக்கத்து நம்பரோட சேர்த்து எழுதிக்கோ. எழுதிட்டியா? சரி, இப்ப அடுத்தது.” நடுவில் அவர் வீட்டுக் குக்கர் விசில் கேட்கும். ஏறத்தாழ ஏழு மாதம் இப்படி ஓடியது. இன்றைக்கு அவனுக்குப் பிடித்த பாடம் கணக்கு.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் சட்டம் முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்கான பீஸ் சீட்டு கையில் கொடுத்தார்கள். அது எங்கள் நாலு மாத வருமானம். டி.சி. வாங்கிக்கொண்டு வந்தோம். உங்கள் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது? அங்கேயே தொடர்ந்தீர்களா, மாற்றினீர்களா?

ஒன்றியப்பள்ளி வாத்தியார், திண்டுக்கல் மாவட்டம்

அக்கா, உங்கள் பையன் நன்றாக வருவான். அந்த மிஸ்ஸுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் நான் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவன். அதையும் இங்கே சொல்ல வேண்டும்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒவ்வோர் ஆண்டும் குலுக்கல் முடிவு வந்த மறுவாரமே எங்கள் முதல் வகுப்பு மெலிந்துவிடும். ஓர் ஆண்டு மூன்றே குழந்தைகள் சேர்ந்தார்கள். எண்ணிக்கை குறைந்ததைவிட யார் போகிறார்கள் என்பதுதான் வலிக்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்து “சார், ஏன் கழிப்பறையில் தண்ணி வரல?” என்று கேட்கக்கூடிய பெற்றோர்தான் விண்ணப்பம் போடத் தெரிந்தவர்கள். அவர்கள் போய்விட்டால் மிச்சம் இருப்பவர்களுக்காகக் கேட்க ஆள் இல்லை. தனியார் பள்ளியில் நூற்றுக்கு 25 பேர் கலந்தார்கள் என்றால், இங்கே மிகவும் ஏழையான வீட்டுப் பிள்ளைகள் மட்டும் தனியாக மிஞ்சினார்கள். எனக்கு இந்தக் கணக்கு இன்றுவரை உடன்பாடில்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். 2020 ஜூனில் முதல் வகுப்பு. பள்ளியே திறக்கவில்லை. ஒன்று முதல் எட்டு வரை திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அப்போது அவன் இரண்டாம் வகுப்பு. 2022 ஜூனில் மூன்றாம் வகுப்பில் என் முன்னால் உட்கார்ந்தான். பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பான். ஏதோ இடித்தது. படத்தின் மேல் என் கட்டைவிரலை வைத்து மறைத்துவிட்டு “இப்போ படிடா” என்றேன். வாய் மூடிக்கொண்டது. ஓர் எழுத்துகூடத் தெரியாது. யாரோ படிக்கக் கேட்டு, படத்தைப் பார்த்து மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த ஜூனில்தான் எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. வகுப்பை விட்டுவிட்டுக் குழந்தையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிப்பது. ஆரம்பத்தில் எங்களில் பலர் முணுமுணுத்தோம். பதிவு வேலை அதிகம், செயலியில் ஏற்றவே பாதி நேரம் போகிறது என்று. அந்தக் குறை இன்றும் எனக்கு உண்டு. ஆனால் மூன்றாம் வகுப்புப் பையனிடம் ‘ட’விலிருந்து தொடங்க எனக்கு அனுமதி கிடைத்தது அதனால்தான். அதற்கு முன்பு பாடத்தை முடி, பாடத்தை முடி என்பதுதான் பேச்சு. அரும்பில் போட்டேன். தை மாதம் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் என் சட்டையை இழுத்து, வந்துகொண்டிருந்த டவுன் பஸ்ஸின் போர்டை எழுத்துக் கூட்டினான்: “வத்… தலக்… குண்டு.” பஸ் கிளம்பிப் போய்விட்டது. நான் ஏறவில்லை.

காலை உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கு 2023 ஆகஸ்டில் வந்தது. அதற்கு முன்பு திங்கட்கிழமை இறைவணக்கத்தில் யாராவது ஒரு பிள்ளை மயங்குவது வாடிக்கை. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத வீடுகள். இப்போது முதல் பாடவேளையில் கணக்கு வைக்க முடிகிறது.

விடுதி மாணவன், கடலூர் பக்கம்

வாத்தியார் சொன்ன ‘தனியாக மிஞ்சினவர்கள்’ கூட்டத்தில் நான் பிறந்ததிலிருந்தே இருக்கிறேன்.

நான் படித்தது ஆதிதிராவிடர் நலப் பள்ளி. எங்கள் ஊரில் அதற்குக் காலனிப் பள்ளி என்று பெயர். இன்னொன்று ஊர்ப் பள்ளி. இரண்டும் அரசாங்கம் நடத்தியவைதான். எட்டாம் வகுப்பில், ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் தேசிய வருவாய்வழித் தேர்வுக்குச் சனிக்கிழமைப் பயிற்சி வகுப்பு ஊர்ப் பள்ளியில் வைத்தார்கள். அப்போது ஜெயித்தால் மாதம் 500 ரூபாய், பிளஸ் டூ வரை. நாங்கள் ஆறு பேர் நடந்து போனோம். யாரும் சொல்லவில்லை, நாங்களாகவே கடைசி இரண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். மூன்றாவது வாரம் கணக்கு சார், “தேர்வு அறையில் பதிவு எண்படிதான் உட்காரணும், இப்பவே பழகுங்க” என்று எல்லாரையும் மாற்றி உட்கார வைத்தார். காரணம் வேறு என்று அப்போதே எனக்குத் தெரியும். அவர் அதை வாய்விட்டுச் சொல்லாததுதான் பெரிய விஷயம். பக்கத்தில் உட்கார்ந்தவனிடமிருந்து ஒரு கைடு வாங்கி வந்து விடுதியில் ஆறு பேரும் பிரதி எடுத்தோம். இரண்டு பேர் ஜெயித்தோம்.

2023 பட்ஜெட்டில் எங்கள் துறைப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவித்தார்கள். எங்கள் ஆட்களிலேயே பலர் எதிர்த்தார்கள். நிலமும் பணியிடங்களும் விடுதிகளும் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் தங்கையையும் வெட்டினார்கள். ஒரே பள்ளியில் படித்தவர்கள்தான். அதற்குப் பிறகு, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிப் பெயரில் சாதி கூடாது, கையில் சாதிக் கயிறு கூடாது என்பதெல்லாம் இருந்தது. இணைக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. விடுதியைத் தொடாமல் இணைக்கட்டும். எனக்கு இரவு ஒன்பது மணிக்கு விளக்கு எரிந்த ஒரே இடம் அதுதான்.

மழைக்காடு, பாஸ்டன் அருகில்

இங்கே அமெரிக்காவில் இதே கதை வேறு உருவத்தில் நடக்கிறது. பாஸ்டன் நகரத்துக் கறுப்பின, லத்தீனோ பிள்ளைகள் விருப்பத்தின் பேரில் புறநகர்ப் பள்ளிகளுக்கு வந்து படிக்கும் மெட்கோ என்ற திட்டம் 1966 முதல் ஓடுகிறது. எட்டு ஆண்டு கழித்து, 1974-இல், நீதிமன்ற உத்தரவுப்படி நகரத்துக்குள்ளேயே பிள்ளைகளைக் கலந்து பஸ்ஸில் அனுப்பியபோது கறுப்பினக் குழந்தைகள் வந்த பஸ்கள் மேல் கல்லெறிந்த ஊர் இது.

என் மகளின் நெருங்கிய தோழி மெட்கோ பஸ்ஸில் வருபவள். விடிவதற்கு முன்னால் எழ வேண்டும். இரண்டாம் வகுப்பில் மகளின் பிறந்தநாளுக்கு சனிக்கிழமை நாலு மணிக்கு அழைத்திருந்தோம். அவள் வரவில்லை. சனிக்கிழமை பள்ளி பஸ் கிடையாது, அவர்கள் வீட்டில் கார் கிடையாது, நாங்கள் இருக்கும் ஊருக்கு ரயில் கிடையாது. இது எதுவும் எனக்குத் தோன்றவே இல்லை. கேக்கில் அவள் பங்கை எடுத்து வைத்துக்கொண்டு மகள் அழுதபோதுதான் உறைத்தது. அன்றைக்கே நான் போய் அழைத்து வந்திருக்கலாம். அடுத்த ஆண்டிலிருந்து அப்படித்தான் செய்கிறோம். இப்போது அவள் கணக்கு மன்றத்தில் இருக்கிறாள் என்றால், மாலையில் தாமதமாகக் கிளம்பும் பஸ் ஒன்று இருப்பதால்தான்.

ஒரு தகவல் மட்டும். இந்நாட்டின் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 17 வயது மாணவர்களின் வாசிப்பில் கறுப்பர்–வெள்ளையர் இடைவெளி 1971-இல் 53 புள்ளி, 1988-இல் 20 புள்ளி. பள்ளிகள் தீவிரமாகக் கலந்த காலமும் அதுதான். கலந்ததால் மட்டும் குறைந்ததா, பெற்றோரின் படிப்பும் வருமானமும் கூடியதாலா என்று இன்றும் ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். பிறகு அந்த வேகம் நின்றுபோனது.

நூல்கண்டு, ஈரோடு

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் சார், நீங்கள் சொன்னது எனக்கு உறுத்துகிறது. உறுத்தட்டும். ஊர்ப் பள்ளிக்கூடத்தை நம்பாமல் நாங்கள் குலுக்கலுக்கு ஓடினோம் என்பது உண்மைதான்.

ஒன்று சொல்லணும் சார். 2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டத்துக்குத் தன்னார்வலராகப் போனேன். தொடக்க வகுப்புக்கு பிளஸ் டூ போதும் என்றார்கள். மாதம் 1,000 ரூபாய். சாயங்காலம் 5 முதல் 7 வரை எங்கள் திண்ணையில் இருபது பிள்ளைகள், எல்லாரும் அரசுப் பள்ளிக்காரர்கள். அந்த மிஸ் என் பையனுக்குச் செய்ததை அப்படியே செய்தேன். “எழுதிட்டியா? சரி, இப்ப அடுத்தது.” அதில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், வாயே திறக்க மாட்டான். அவன்தான் இப்போது அரசுப் பள்ளியில் என் மகனின் பெஞ்ச்மேட்.

முதல் வாரம் என் மகனை “மெட்ரிக்” என்று கூப்பிட்டு ஒதுக்கினார்களாம். ஆங்கிலத்தில் பேசினால் சிரித்தார்களாம். அந்தப் பெஞ்ச்மேட்தான், “டேய், எங்க டீச்சரம்மா பையன்டா அவன்” என்று சொல்லியிருக்கிறான். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. இப்போது சாயங்காலம் இரண்டு பேரும் அதே திண்ணையில்தான். என் மகன் ஆங்கிலப் பாடத்தைப் படித்துக் காட்டுவான், அவன் வாய்க்கணக்கில் இவனை முந்திவிடுவான். சந்தையில் அப்பாவோடு தக்காளி விற்கிற பையன், கால் கிலோ அரைக் கிலோவெல்லாம் விரலில் நிற்கிறது.

தம்பி கடலூர், உங்கள் கணக்கு சார் இன்னும் இருக்கிறாரா? இருந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

எட்டாம் வகுப்பில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு முக்கியமான விஷயம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் ஆர்.டி.இ-யில் எட்டு வரை தனியாரில் படித்து, ஒன்பது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களையும் அதில் சேர்த்துக்கொள்கிறார்கள். இது எங்கள் பள்ளி ஆபீஸில் யாரும் சொல்லவில்லை, புதுப் பள்ளித் தலைமையாசிரியை சொன்னார். அதனால் டி.சி. வாங்கும்போதே, பிள்ளை ஆர்.டி.இ-யில்தான் படித்தான் என்று வருஷத்தோடு எழுதிய சான்றையும் முத்திரை போட்டுக் கேட்டு வாங்கிவிடுங்கள். நான் மூன்று முறை அலைந்து வாங்கினேன்.