‘மோர் ஹொட்டர்’ எழுதுறதை நிறுத்தப் பயிற்சித்தாள் இருக்கா?

வணக்கம். வெள்ளவத்தையில தரம் 8க்கு ஆங்கில இலக்கணம் எடுக்கிறம். ஒப்பீட்டுப் பெயரடைக்கு (‘ஹொட்’ → ‘ஹொட்டர்’ மாதிரி) ஒரு பயிற்சித்தாள் தேவை.

“கண்டியை விடக் கொழும்பில வெக்கை கூட” என்று யோசிக்கிற பிள்ளை, அந்தக் ‘கூட’வை ‘மோர்’ ஆக்கிப்போட்டு, சொல்லின்ர கடைசியில சேர்க்கப் பாடமாக்கின ‘ஈஆர்’ஐயும் விடாமல், ‘ஹொட்டர்’ மட்டும் போதுமான இடத்தில ‘மோர் ஹொட்டர்’ என்று எழுதுது. தமிழில பெயரடை உருமாறாதே, பிள்ளையில பிழை சொல்லேலாது. ‘ஹொட்’டில கடைசி ‘டீ’ இரட்டிக்கும், ‘ஸ்லோ’வில ‘டபிள்யூ’ இரட்டிக்காது, அது பிடிபட்டிட்டுது.

இடறுறது ஈரசைச் சொல்லில. ‘ஹப்பி’யில ‘வை’ போய் ‘ஐ’ வந்து ‘ஹப்பியர்’. ‘கெயார்ஃபுல்’லுக்கு ‘மோர்’ மட்டும். ‘கிளெவர்’, ‘நரோ’வுக்கு இரண்டும் சரி. ‘அன்ஹப்பி’ மூன்றசை, வழக்கமா ‘மோர்’ வாற இடம், ஆனாலும் ‘அன்ஹப்பியர்’ சரிதான். (இதைக் கேட்டால் வகுப்பே சண்டைக்கு வருது!)

இடைவெளி நிரப்புற தாள் வேண்டாம். சொல்லைக் கையில குடுத்தால் எல்லாரும் சரியாத்தான் போடுவினம். தமிழ் வசனத்தை ஆங்கிலத்தில எழுதச் சொல்லுற 20 வசனம், பாதியாவது ஈரசைச் சொல்லோட இருந்தால் அனுப்புங்கோ. ‘டோலஸ்ட்’ (எல்லாரிலும் உயரம்) மாதிரிச் சொல்லுக்கு முன்னால ‘த’ விடுபடுறதைப் பிடிக்க நாலைஞ்சு வசனமும் சேருங்கோ. விடையும் வேணும்.