மண்ணரணா, மண்வடுவா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ரோமானியப் படையினர் பிரிட்டனில் விட்டுச்சென்ற மண்ணமைப்புகளைக் குறிக்க, நம் கலைச்சொல் பட்டியலுக்காக 'மண்ணரண்' என்ற சொல்லை நண்பர் முன்மொழிந்திருந்தார். சொல்லாக்கத்தில் குறையில்லை; ஆனால் அந்த இடத்தில் போய் நிற்பவர் காண்பதை அது சொல்லவில்லை என்பதே என் கருத்து.

வேல்ஸில் டிரெகாஸ்டில் அருகே, அ பிகூன் என்னும் மலைமுகட்டில், ஒன்றுக்குள் ஒன்று சற்றுத் திரும்பினாற்போல் அமைந்த இரு பாசறைகள் உள்ளன. குளிர்காலத்தில் ஒருநாள் நண்பகலில் அங்கே சென்றபோது புல்லும் ஆடுகளும் தவிர எதுவும் எனக்குத் தென்படவில்லை. மூன்று மணிக்கு வெயில் சாய்ந்ததும், முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு கரை தன் நிழலால் துலங்கியது. அதையொட்டிய பள்ளத்தில் ஈரம் தங்கிக் கோரை அடர்ந்திருக்க, கரைமேல் புல் வெளுத்திருந்தது. வாயிலருகே கரை உட்புறமாக வளைவதைக் கால்தான் முதலில் உணர்ந்தது. பள்ளம் வெட்டி எடுத்த மண்ணே கரை. இரண்டும் ஒரே வேலையின் இரு பாதிகள். 'அரண்' என்றால் மேடு மட்டுமே மனத்தில் நிற்கிறது. 'மண்வேலை' என்றாலோ சாலை ஒப்பந்தம்தான் நினைவுக்கு வரும்.

பயனை ஊகித்துப் பெயரிடுவதில் இன்னோர் இடர்ப்பாடும் உண்டு. வட இங்கிலாந்தில் ரோமானியர் எழுப்பிய ஹேட்ரியன் மதிலுக்குத் தெற்கே, இருபுறமும் மண்மேடுகளோடு ஓடும் பெரும்பள்ளத்தை 8-ஆம் நூற்றாண்டில் பீட் என்ற துறவி 'வல்லம்' என்றார். இலத்தீனில் அது அரண்கரையைக் குறிக்கும் சொல். ஆய்வாளர்கள் இன்றும் அந்தப் பெயரையே சுமக்கிறார்கள். மாறாக, கூர்முளை நட்ட பொறிக்குழிகளுக்குச் சீசரின் வீரர்கள் தோற்றத்தைப் பார்த்து 'லில்லி' என்று பெயரிட்டார்கள். அத்தகைய குழிகளின் வரிசையை ஸ்காட்லாந்தின் ரஃப் காசிலில் இன்றும் காணலாம். 'அல்லிக்குழி' என்று நாமும் தயங்காமல் சொல்லலாம்.

ஆகவே 'மண்வடு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். உடலில் வடு மேடாகவும் இருக்கும், குழிவாகவும் இருக்கும். காயம் ஆறிப் பல்லாண்டு கழிந்தபின்னும் தடவினால் தெரியும். ஆனால் ஸ்காட்லாந்தில் ரோமானியர் கி.பி. 142-ஆம் ஆண்டளவில் புற்கட்டிகளை அடுக்கி எழுப்பத் தொடங்கிய அன்டோனைன் மதில், சில இடங்களில் இன்றும் ஆழ்ந்த அகழியோடு தெளிவாக நிற்கிறது. அதற்கு 'மண்ணரண்' என்பதே பொருந்தும்.

அன்புடன்.

—

அன்புள்ள ஐயா,

வணக்கம். 'வடு' என்பதற்குக் குற்றம் என்ற பொருளும் இருப்பதால் முதலில் தயங்கினேன். 'மண்' முன்னே நிற்பதால் அந்த ஐயம் எழாது என்று இப்போது ஏற்கிறேன். ஓர் எல்லையை மட்டும் வரையறுக்க வேண்டும். உழவால் மேடுபள்ளம் முற்றிலும் மறைந்து, புதைந்த அகழியின் ஈரத்தால் கோடையில் அங்கே பயிர் மட்டும் பசுமையாகத் தெரிவதுண்டு. தடவிப்பார்க்க எதுவும் இல்லாத அதை மண்வடு என்னாமல் 'பயிர்த்தடம்' என்போம். மண்ணரண், மண்வடு, பயிர்த்தடம் ஆகிய மூன்று சொற்களையும் பட்டியலில் தனித்தனியே சேர்த்துவிடுகிறேன்.