லண்டனில் ஹவுஸ்ஃபுல் நாடகத்துக்குக் கடைசி நேரத்தில் மலிவாக இரண்டு டிக்கெட், வழி உண்டா?

மாம்பலம்_மெயில்:

வணக்கம். அலுவலக வேலையாக மே கடைசி வாரம் லண்டன் போகிறேன், மொத்தம் ஒன்பது நாள். அம்மாவும் கூட வருகிறார், 64 வயது, முழங்கால் வலி உண்டு. அம்மா சின்ன வயதில் ஆர்.எஸ். மனோகர் நாடகங்களைத் தேடித் தேடிப் பார்த்தவர், அந்தத் தந்திரக் காட்சிகளைப் பற்றி இன்றைக்கும் நேற்றுப் பார்த்த மாதிரி பேசுவார். லண்டனில் 'ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா'வில் பெரிய சரவிளக்கு ஒன்று மேலேயிருந்து இறங்கி விழும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அரண்மனையும் வேண்டாம் மியூசியமும் வேண்டாம், அதைத்தான் பார்க்கவேண்டும் என்கிறார்.

பிரச்சினை என்னவென்றால், அந்த வாரம் அங்கே பள்ளிகளுக்கு விடுமுறையாம். சில நாட்கள் இணையத்தில் ஹவுஸ்ஃபுல் என்று காட்டுகிறது, மற்ற நாட்களில் இருப்பதெல்லாம் ஆளுக்கு 150 பவுண்டுக்கு மேல். என்னால் முடிந்தது இரண்டு பேருக்கும் சேர்த்து 100 பவுண்டு. கடைசி நேரத்தில் விலை இறங்குமா? லெஸ்டர் சதுக்கத்தில் பாதி விலைக் கடை இருக்கிறது என்று நண்பன் சொல்கிறான், உண்மையா?

பால்கனி_டிக்கெட்:

நான் இங்கே ஆறு வருடமாக இருக்கிறேன், சம்பளத்தில் கணிசமான பங்கு இதில்தான் போகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நண்பன் சொன்னது உண்மை. டிகேடிஎஸ் என்று பெயர், சதுக்கத்துக்கு உள்ளேயே மணிக்கூண்டு வைத்த சின்னக் கட்டடம். 1980இலிருந்து இருக்கிறது, லண்டன் நாடக அரங்குகளின் சங்கமே நடத்துவதால் நம்பி வாங்கலாம். ஆனால் அங்கே தள்ளுபடியில் வருவது விற்காமல் நிற்கும் சீட்டுகள். சாயங்காலம் மீந்த இட்லிதான் பாதி விலைக்கு வரும், காலையிலேயே தீர்ந்துபோன இட்லி எப்படி வரும்? எந்த நாடகமாக இருந்தாலும் சரி என்பவர்களுக்கு அது சொர்க்கம். இதுதான் வேண்டும், அதுவும் ஹவுஸ்ஃபுல்லானதுதான் வேண்டும் என்றால் அங்கே போய் நின்று பயனில்லை.

உங்களுக்கு வேண்டியது பாக்ஸ் ஆபீஸ். (நம் ஊரில் பாக்ஸ் ஆபீஸ் என்றால் வசூல் கணக்கு, இங்கே அது வெறும் டிக்கெட் கவுன்டர்.) ஹவுஸ்ஃபுல் என்று போட்டிருந்தாலும் எல்லா நாற்காலியும் விற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. தயாரிப்பாளரின் விருந்தினர், நடிகர்களின் வீட்டார், பத்திரிகைக்காரர்கள் என்று ஒவ்வொரு காட்சிக்கும் கொஞ்சம் சீட்டை ஒதுக்கி வைப்பார்கள், ஹவுஸ் சீட் என்பார்கள். யாரும் கேட்காவிட்டால் முந்தைய நாளோ அன்றைக்கேவோ விற்பனைக்கு விட்டுவிடுவார்கள். இதுபோக வரமுடியாதவர்கள் திருப்பிக் கொடுக்கும் டிக்கெட்டுகள் வேறு. ஆக, காலையில் கவுன்டர் திறக்கும்போது ஒரு தடவை, காட்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஒரு தடவை, இரண்டு வேளையும் நேரில் போய்க் கேளுங்கள். இப்படி வருவது எப்போதும் மலிவாக இருக்காது, நல்ல சீட் என்றால் முழு விலைதான். ஆனால் ஓரத்து சீட்டும் ஒற்றை சீட்டும் இப்படித்தான் உதிரும். ஒட்டினாற்போல் இரண்டு வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், தனித்தனியாக உட்காரத் தயார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

வெள்ளி, சனி இரவுகளை மறந்துவிடுங்கள். செவ்வாய், புதன்தான் உங்கள் நாட்கள்.

சும்மா_ஒருவன்:

எதற்கு இவ்வளவு கஷ்டம், ஷேக்ஸ்பியர் குளோப் அரங்குக்குப் போங்கள். மேடைக்கு முன்னால் திறந்த முற்றத்தில் 700 பேர் நின்று பார்க்கலாம், நிற்கும் டிக்கெட் ஐந்து பவுண்டிலிருந்து கிடைக்கும், மேடை விளிம்பிலேயே கையை ஊன்றிக்கொண்டு பார்க்கலாம்.

மாம்பலம்_மெயில்:

மூன்று மணி நேரம் நிற்பதா? முழங்கால் வலி என்று முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறேனே ஐயா.

சும்மா_ஒருவன்:

அம்மாவை இல்லை, உங்களைச் சொன்னேன் :) உட்கார விடமாட்டார்கள், குடையும் விரிக்கக்கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹாரோ_அக்கா:

தம்பி, நான் யாழ்ப்பாணத்தில இருந்து வந்து இங்க 25 வருஷமாச்சு. அந்த நாடகத்தை மூன்று தரம் பார்த்திட்டன், ஒவ்வொரு தரமும் ஊரில இருந்து வந்த சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு. அதால ஒரு விசயம் வடிவாச் சொல்லுறன்: மலிவு எண்டு கண்ணை மூடிக்கொண்டு வாங்கவேண்டாம். கீழ்த் தளத்தில, ஸ்டால்ஸ் எண்டு சொல்லுவினம், பின் வரிசையில இருந்தால் மேல் மாடி உங்கட தலைக்கு மேல கூரை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். மேடை நல்லாத் தெரியும், ஆனால் மேலே தொங்குற சரவிளக்கு தெரியாது! உங்கட அம்மா அதைப் பார்க்கத்தானே வாறா? வாங்கமுதல் கவுன்டரில நிற்கிற பிள்ளையிட்ட "விளக்கு தெரியுமா" எண்டு கேளுங்கோ. ஒளிக்காமல் சொல்லுவினம்.

எல்லாத்துக்கும் மேலே இருக்கிற பால்கனியும் அம்மாவுக்குச் சரிவராது. அந்தத் தியேட்டர் கட்டினது 1897இல, இந்தப் பழைய கட்டடங்களில மேல் மாடி எண்டால் படி, படி, இன்னும் படி. இருக்கைகளும் சரியான நெருக்கம், முழங்கால் முன் சீட்டில இடிக்கும். நடுவில இருக்கிற மாடி, சர்க்கிள் எண்டு சொல்லுவினம், அதின்ர ஓரம்தான் உங்களுக்குப் பொருத்தம்.

பிறகு இன்னொன்று. சதுக்கத்தைச் சுத்தி "பாதி விலை" எண்டு பலகை போட்ட கடைகள் கன இடத்தில இருக்கு, எல்லாம் நீங்கள் தேடுற டிகேடிஎஸ் சாவடி இல்லை. என்ர மருமகன் அப்பிடி ஒரு கடையில 90 பவுண்டு குடுத்து வாங்கினான், டிக்கெட்டில அச்சடிச்சிருந்த விலை 45. போய் இருந்தால் முன்னுக்கு ஒரு தூண். இரண்டரை மணித்தியாலம் தூணைச் சுத்தி எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து பிடிச்சதுதான் மிச்சம். டிக்கெட்டில போட்ட விலை என்ன எண்டு கேட்டுப்போட்டுக் காசைக் குடுங்கோ.

ஓடிபி_வரவில்லை:

அக்கா சொன்ன கடை கண்ணுக்குத் தெரியும் பிளாக் டிக்கெட். இணையத்தில் தெரியாத பிளாக் டிக்கெட்டும் உண்டு: நாடகத்தின் பெயரைத் தேடினால் முதலில் வரும் விளம்பரங்களில் சிலது மறுவிற்பனைத் தளங்கள், பார்க்க அசல் அரங்கின் தளம் மாதிரியே இருக்கும். அரங்கின் சொந்தத் தளம் எது என்று பார்த்து அதற்குள் மட்டும் போங்கள். அதிலும் ஒரு கால் மணி நேரம் விட்டு மறுபடி திறந்து பாருங்கள், கூடையில் போட்டுவிட்டுப் பணம் கட்டாமல் போகிறவர்களின் சீட் திரும்ப வந்து விழும்.

டுடேடிக்ஸ் என்றொரு செயலி இருக்கிறது. சில நாடகங்களுக்கு அன்றைய காட்சிக்கான மலிவு சீட்டுகளைக் காலை 10 மணிக்கு விடுவார்கள், ரஷ் என்று பெயர், நிமிடத்தில் காலி. எந்த நாடகம் அதில் இருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், போனதும் பாருங்கள். நேஷனல் தியேட்டரில் வெள்ளிக்கிழமை மதியம் 1 மணிக்கு அடுத்த வாரக் காட்சிகளுக்கு 10 பவுண்டு டிக்கெட் விடுவார்கள், ஹவுஸ்ஃபுல் ஆன நாடகத்துக்கும் சேர்த்து. 'ஹாமில்டன்' என்ற இசை நாடகத்துக்குக் குலுக்கலில் விழும் டிக்கெட்டும் 10 பவுண்டுதான். இதெல்லாம் அம்மாவின் சரவிளக்கு இல்லை, தெரியும். இருந்தாலும் ஒன்பது நாள் இருக்கிறீர்களே.

என் பெயரைப் பார்த்தாலே புரியும், இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ரஷ்ஷில் இரண்டு சீட் கையில் கிடைத்தது, இந்திய கார்டு, ஓடிபி சென்னை நம்பருக்குப் போகவேண்டும், ரோமிங்கில் அது வரவே இல்லை, திரையில் நொடிகள் ஓடி முடிந்து சீட் போய்விட்டது. கிளம்புவதற்கு முன் வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள், ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருகிறதா என்று இறங்கியவுடனேயே சோதித்துப் பாருங்கள்.

மாம்பலம்_மெயில்:

எல்லோருக்கும் நன்றி, ஊர் திரும்பிவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

செவ்வாய் காலை கவுன்டர் திறக்கும் நேரத்துக்குப் போனேன், ஒன்றும் இல்லை. சாயங்காலம் மீட்டிங், போகமுடியவில்லை. புதன் காலை மறுபடி இல்லை. முந்தைய நாள் கவுன்டரில் இருந்த அதே பெண், சிரித்துக்கொண்டே "ஆறு மணிக்கு வந்து பாருங்கள்" என்றார். சரி, அம்மாவையும் கூட்டிக்கொண்டே போய்விடலாம் என்று ஐந்தே முக்காலுக்குப் போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர், இரண்டு பேரும் ஒட்டினாற்போல் சீட் கேட்டு இல்லை என்று விலகினார்கள். நான் தனித்தனி என்றேன். சர்க்கிளில் இடது ஓரமாக ஒன்று 45 பவுண்டு, அதற்கு இரண்டு வரிசை பின்னால் ஒன்று 45. "விளக்கு தெரியுமா" என்று கேட்டேன், ஹாரோ அக்கா. அந்தப் பெண் இருக்கை வரைபடத்தை என் பக்கம் திருப்பி விரலால் காட்டி, மேடையின் ஒரு மூலை மறையும், விளக்கு மறையாது என்றார். கவுன்டரில் கார்டைச் செருகிப் பின் நம்பர் அடித்தால் போதும், ஓடிபியே கேட்கவில்லை! இரண்டு பேருக்கும் சேர்த்து 90 ஆனது, மீதி பத்து இடைவேளையில் இரண்டு ஐஸ்கிரீமாகப் போய்விட்டது.

அம்மாவை முன் வரிசையில் உட்காரவைத்துவிட்டு நான் பின்னால். விளக்கு இறங்கும்போது நான் விளக்கைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா உடனே திரும்பி, நான் பார்த்தேனா என்று என்னைத் தேடினார். வெளியே வந்ததும், "நல்லாத்தான் இருந்தது, ஆனா மனோகர் நாடகம்னா இன்னும் கொஞ்சம் புகை போட்டிருப்பாங்க" என்றார்.

சும்மா_ஒருவன்:

குளோப்?

மாம்பலம்_மெயில்:

போனேன், வெள்ளிக்கிழமை, தனியாக. இடைவேளை வரைக்கும் வெயில், அப்புறம் மழை. குடை பையில்தான் இருந்தது.