சாக்கோட்டை வீட்டார் குழு: பிரபுவுக்கு வந்த வீட்டுக்கடன் ஏஜென்ட் வேலை

பிரபு (காலை 7:05): எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயம் கேக்கணும். ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி எனக்கு வீட்டுக்கடன் ஏஜென்ட் கோடு தரேங்குது. டி.எஸ்.ஏ., அதாவது டைரக்ட் செல்லிங் ஏஜென்ட்னு சொல்றாங்க. ஷோரூம் வேலையை விட்டுட்டு முழுநேரமா வாங்கறார் ஏரியா மேனேஜர். கமிஷன் 0.40 சதவீதம். திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்.

அம்மா: ராத்திரி பூரா இதே பேச்சுதான். மாசம் 18,000 கைக்கு வந்துட்டிருக்கு. சேகர் அண்ணா, நீங்க சொன்னா கேப்பான்

முருகன் சித்தப்பா: வேண்டாம்

ராஜி அத்தை: அண்ணன் அறுபதாங் கல்யாணத்துக்குத் திருக்கடையூருக்கு எத்தனை பேர்னு இன்னும் யாரும் சொல்லலை. வேன்காரர் நேத்தே கேட்டுட்டார். 18 சீட் வேனா, 2 இன்னோவாவா?

முருகன் சித்தப்பா: 18 சீட்

பிரபு: ஏன் சித்தப்பா வேண்டாங்கறீங்க?

முருகன் சித்தப்பா: ஜாமீன்

ராஜி அத்தை: தம்பி, காலங்காத்தால அந்த ஜாமீன் கையெழுத்துக் கதையை ஆரம்பிக்காத

சேகர் மாமா (7:31): பிரபு, பொறுமையா படி. வெளிநாட்டுல மார்ட்கேஜ் புரோக்கர்னா லைசென்ஸ் வாங்கணும். நம்ம நாட்டுல அப்படித் தனி லைசென்ஸ் கிடையாது. பேங்க்கோ ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியோ உன்னைத் தன் பட்டியல்ல சேர்த்து ஒரு கோடு கொடுக்கும். பான், ஆதார், பாஸ்புக், கேன்சல் செக் கேப்பாங்க, நீ வாங்கின கடனை ஒழுங்கா கட்டினியான்னு உன் சிபில் ஸ்கோரையும் பார்ப்பாங்க. உள்ள நுழையறது சுலபம். ஆனா நீ பண்ற தப்புக்கு பேங்க்தான் ரிசர்வ் வங்கிக்குப் பதில் சொல்லணும். அதனால ஒரு போலி சம்பளச் சீட்டு உன் பைல்ல வந்துச்சுன்னா கோடை மூடிடுவாங்க, போலீஸ் கேஸ் வரைக்கும் போகும். பார்ட்டி கொடுத்தாரு நான் வச்சேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

சேகர் மாமா (7:38): இப்ப பணக் கணக்கு. கமிஷன் கடனுக்கு ஒப்புதல் கொடுக்கற சாங்ஷன் லெட்டருக்கு இல்ல, டிஸ்பர்ஸ் ஆன, அதாவது நிஜமா வெளியே விட்ட தொகைக்கு. 20 லட்சம் முழுசா டிஸ்பர்ஸ் ஆனா 0.40 சதவீதத்துக்கு 8,000. வருஷத்துல கமிஷன் 20,000 தாண்டினா 2 சதவீதம் டி.டி.எஸ்.னு வரி பிடிப்பாங்க, 160 போக 7,840. பான் சரியா இல்லைன்னா பிடித்தம் 20 சதவீதம். உன் சம்பளம் 18,000, கும்பகோணம், வலங்கைமான், பாபநாசம்னு சுத்த பெட்ரோலும் போனும் 4,000. ஆக 22,000 வேணும். அதுக்கு மாசாமாசம் மூணு 20 லட்சம் டிஸ்பர்ஸ் ஆகணும். ஒரு மாசம் கூட விடாம.

பிரபு: மூணு பண்ணிடலாம்னு நினைச்சேன் மாமா. ஷோரூம்ல பைக் லோன் ஒரு நாளைக்கே நாலு போகுது

வித்யா அக்கா: பைக் லோன் வேற, வீட்டுக்கடன் வேறடா. பைக்குக்கு வண்டியே அடமானம், புதுசு, கம்பெனி பில்லு இருக்கு. இங்க அடமானம் ஒரு மனை. அதுக்கு அறுபது வருஷக் கதை இருக்கும். நாங்க கடன் பைலைச் சரிபார்க்கற கிரெடிட் பிரிவுல உக்காந்து பார்க்கறதுல, மூணு டிஸ்பர்ஸ் ஆகணும்னா ஏஜென்ட் கையில எட்டு பத்து பைல் ஓடிட்டே இருக்கணும்

முருகன் சித்தப்பா: கேட்டியா

வித்யா அக்கா: சித்தப்பா, நான் வேண்டாம்னு சொல்லலை. கட்டற வீட்டுக்கான கடன்தான் நம்ம ஊர்ல அதிகம், அதுல பணம் ஒரே தடவையா போகாது. பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சுன்னு நிலை நிலையாத்தான் விடுவாங்க. இன்ஜினியர் சான்று கொடுக்கணும், எங்க ஆள் வந்து பார்க்கணும். 20 லட்சம் சாங்ஷன்ல முதல்ல 5 லட்சம் போச்சுன்னா பிரபுவுக்கு வர்றது 2,000. மீதி எப்பன்னா, பார்ட்டி கைக்காசு போட்டு அடுத்த நிலைக்குக் கொண்டுவந்த அப்புறம். மழையில வேலை நின்னா கமிஷனும் நிக்கும்

அம்மா: ஐயோ

ராஜி அத்தை: அண்ணி, வாழைத்தாருக்கு நீங்க சொல்லியாச்சா, நான் சொல்லணுமா?

அம்மா: சொல்லிட்டேன் ராஜி. பந்தல் நீ பாரு

முருகன் சித்தப்பா: மண்டபத்துலயே எல்லாம் இருக்கு. பந்தல் எதுக்கு

கோமதி சித்தி (8:20): இப்பதான் பார்த்தேன். பிரபு, நம்ம பக்கம் பைல் விழறது சிபில்ல இல்ல, பத்திரத்துல. எங்க பத்திர ஆபீசுக்கு ஏஜென்ட் பசங்க வர்றப்பவே தெரிஞ்சுடும், யாரு தேறுவாங்கன்னு. சொத்து யார்கிட்டேர்ந்து யாருக்குப் போச்சுன்னு காட்டற வில்லங்கச் சான்றை ஒரு தடவை கூட விரிச்சுப் படிச்சிருக்க மாட்டாங்க. பார்ட்டிக்கு நம்பிக்கை கொடுத்து, அட்வான்ஸ் போட வச்சு, அப்புறம் லீகல்ல அடிபடும். யாராவது கேட்டிருக்காங்களா உன்கிட்ட?

பிரபு: ஒருத்தர் இருக்கார் சித்தி, வலங்கைமான் பக்கம். மனை வாங்கி வீடு கட்டணுமாம். பேப்பர் போட்டோ வச்சிருக்கேன்

பிரபு: (4 புகைப்படங்கள்)

முருகன் சித்தப்பா: குழுவுல போடாதே, வேத்து மனுஷங்க பேப்பர்

பிரபு: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

பிரபு: சித்திக்குத் தனியா அனுப்பிட்டேன். ஸாரி

கோமதி சித்தி (8:52): பார்த்துட்டேன். பேர் ஊர் இல்லாம சொல்றேன், எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும். பத்திரத்துல சர்வே நம்பர் 112/3ஏ. பட்டாவுல வெறும் 112/3, அதுவும் கூட்டுப்பட்டா, நாலு பேர். விக்கிறவர் அதுல ஒருத்தர். அப்போ உட்பிரிவு ஆகலை. இ-சேவையில உட்பிரிவோட பட்டா மாற்றத்துக்கு எழுதிப் போட்டு, சர்வேயர் வந்து அளந்து, தனிப்பட்டா வந்தாத்தான் வக்கீல் ஒப்பீனியன் எழுதுவார். அடுத்தது, வில்லங்கத்துல தாத்தா வாங்கின பதிவு இருக்கு, அதுக்கப்புறம் நேரா பேரன் விக்கிறார். நடுவுல பாகப்பிரிவினை எங்க? வாரிசுச் சான்று எங்க? அத்தைமார்கள் கையெழுத்து போட்ட விடுதலைப் பத்திரம் எங்க? 2005 இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் பரம்பரைச் சொத்துல மகனுக்கு என்ன பங்கோ அதேதான் மகளுக்கும். ஒரு அத்தை விட்டுப்போனாலும் பைல் நிக்கும்.

ராஜி அத்தை: எனக்கு அது அப்பவே தெரியும் கோமதி. கேட்டவங்கதான் யாருமில்லை

முருகன் சித்தப்பா: அக்கா

ராஜி அத்தை: நான் ஒண்ணும் சொல்லலை. சட்டத்தைச் சொன்னேன்

சேகர் மாமா: விடு ராஜி. விசேஷம் முடியட்டும்

கோமதி சித்தி: மூணாவது இன்னும் முக்கியம். கிழக்கு எல்லையில ‘கோயில் அடிமனை’ன்னு எழுதியிருக்கு. பக்கத்து மனை அடிமனைன்னா இது எப்படித் தப்பிச்சதுன்னு கட்டாயம் பார்க்கணும். கும்பகோணம், மாயவரம், திருவாரூர் எல்லாம் கோயில், மடத்து நிலம்தானே பாதி. வீடு நம்மது, அடிமனை கோயிலுதுன்னு தலைமுறையா வாடகை கட்டிட்டு இருப்பாங்க, வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் அவங்க பேர்ல இருக்கும். அதைக் காட்டி லோன் கேப்பாங்க. கிடைக்காது. அறநிலையத்துறை கமிஷனர் அனுமதி இல்லாம கோயில் நிலத்தை விக்கவும் முடியாது, பதிவும் பண்ணமாட்டாங்க. பைலை எடுக்கறதுக்கு முன்னாடி இ-சர்வீசஸ்ல பட்டாவும், நிலம் யாருது, என்ன வகைன்னு காட்டற ‘அ’ பதிவேடும் பாரு. பதிவுத்துறை தளத்துல வில்லங்கம் காசில்லாமலே பார்க்கலாம். அரைமணி நேர வேலை.

பிரபு: ஏரியா மேனேஜர் இதெல்லாம் லீகல் டீம் பார்த்துக்கும், நீ லாகின் மட்டும் பண்ணு, அதாவது பைலை உள்ள போடு போதும்னு சொன்னாரே

வித்யா அக்கா: லாகின் எண்ணிக்கை அவரோட டார்கெட். ரிஜெக்ட் ஆனா லாகின் ஃபீஸ் பார்ட்டிக்குத் திரும்பாது. திட்டு வாங்கறது நீ. நாளைக்கு கடைத்தெருவுல அவர் மூஞ்சிய நீதான் பார்க்கணும்

சேகர் மாமா (9:15): வித்யா சொன்னது நூத்துக்கு நூறு. இன்னொண்ணும் பார்ட்டிகிட்ட முதல் நாளே சொல்லிடணும். 30 லட்சம் வரைக்கும் கடன்னா சொத்து மதிப்புல 90 சதவீதம் வரை கொடுக்கலாம்னு ரிசர்வ் வங்கி விதி. 30-க்கு மேல 75 லட்சம் வரை 80, அதுக்கும் மேல 75. 90 சதவீதம்னு கேட்டதும் மீதி 10 மட்டும் போதும்னு நினைச்சுடுவாங்க. 25 லட்சம் வீட்டுக்கு 22.5 லட்சம் கடன், 2.5 லட்சம் கைக்காசு. முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 2.25 லட்சம். 10 லட்சத்துக்கு மேல போற வீட்டுக்கு அந்தப் பதிவுச் செலவைக் கடன்ல சேர்க்க முடியாது. அப்போ கையில 4.75 லட்சம் இருக்கணும். இது போக பத்திரத்தை அடமானமா வைக்கற எம்.ஓ.டி. பதிவு, வக்கீல், வேல்யூவர் செலவு. இன்னொரு சிக்கல், 25 லட்சத்துக்குப் பேசிட்டு பத்திரத்துல 14 லட்சம்னு காட்டுவாங்க. பேங்க் பத்திரத் தொகையைத்தான் பார்க்கும். அப்புறம் ஏஜென்ட் ஏமாத்திட்டான்னு பேர்.

முருகன் சித்தப்பா: விவசாயிக்குக் கொடுப்பாங்களா

பிரபு: சித்தப்பா நீங்க கேக்கறீங்களா!

முருகன் சித்தப்பா: சும்மா கேட்டேன்

வித்யா அக்கா: ஐ.டி. ரிட்டர்ன் இல்லாததுதான் சிக்கல் சித்தப்பா. ஆனா கொள்முதல் நிலையத்துல போட்ட நெல்லுக்குப் பணம் அக்கவுன்ட்ல ஏறுதில்ல, அந்த ஸ்டேட்மென்ட் ரெண்டு மூணு வருஷத்துக்கு இருந்தா சில ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி எடுத்துக்கும். என்ன பயிர் போட்டோம்னு காட்டற அடங்கல் சேர்த்துக் கொடுக்கணும். வியாபாரிகிட்ட ரொக்கத்துக்கு வித்த நெல்லுக்குக் கணக்கே கிடையாது. வருமானம் தை மாசியில வருது, இ.எம்.ஐ. மாசாமாசம் போகும், அதையும் பார்ப்பாங்க. 20 லட்சம், 8.5 சதவீதம், 20 வருஷம்னா மாசம் 17,356

அம்மா: முருகா, வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா?

முருகன் சித்தப்பா: மேட்டூர் தொறந்தாச்சு. நம்ம கடைமடைக்கு இன்னும் வரலை அண்ணி. நாத்து கருகுது

கோமதி சித்தி: அதான் காலையிலேர்ந்து ஒத்தை ஒத்தை வார்த்தையா வருது

ராஜி அத்தை: அப்போ திருக்கடையூருக்கு தம்பி வருவானா மாட்டானா?

முருகன் சித்தப்பா: அண்ணன் அறுபதாங் கல்யாணம். வராம?

பிரபு (9:48): மாமா, அப்ப இதை விட்டுடவா? எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு. கூத்தாநல்லூர், மன்னார்குடி பக்கம் வெளிநாட்டுல இருக்கறவங்க நிறைய பேர் வீடு கட்டறாங்க. அங்க ஆள் குறைவு

சேகர் மாமா (10:02): விடச் சொல்லலை பிரபு. நல்ல ஏஜென்ட் ஒருத்தன் ஊருக்குத் தேவை. கடன் வாங்கத் தெரியாம கந்துவட்டியில போய் விழறவங்க எத்தனை பேர். வேலையை விடாம ஆரம்பிக்கறதுதான் நான் சொல்றது. ஷோரூம் முடிஞ்சு சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும். முதல் ஆறு மாசத்துல மூணு பைல் உன் கையால ஆரம்பத்துலேர்ந்து டிஸ்பர்ஸ் வரை கொண்டுபோ. வெளிநாட்டு பைல் எடுக்கறதா இருந்தா பவர் பத்திரம் பாரு. அங்க இந்தியத் தூதரகத்துல சான்று வாங்கி அனுப்பினது, இங்க வந்து 3 மாசத்துக்குள்ள முத்திரை வைக்கணும். அதை விட்டுட்டு பவரே செல்லாம திரும்ப அனுப்பச் சொல்றது நடக்கும்.

வித்யா அக்கா: பிரபு, திங்கக்கிழமை சரின்னு சொல்றதுக்கு முன்னாடி மெயில்ல இதைக் கேளு. கமிஷன் டிஸ்பர்ஸ் ஆன எத்தனை நாள்ல வரும்? கடனை வேற பேங்குக்கு மாத்திட்டா எத்தனை மாசம் வரைக்கும் கொடுத்த கமிஷனைத் திருப்பிப் பிடிப்பாங்க? கோடு நேரா உன் பேர்லயா, இல்ல பெரிய ஏஜென்சிக்குக் கீழயா? கீழன்னா 0.40 அவங்களுக்கு, உனக்கு அதுல பாதி கூட வராம போகலாம்

சேகர் மாமா: அது ரொம்ப முக்கியம். நேரடிக் கோடுன்னா தனிநபர் ஏஜென்ட்டுக்கு ஜி.எஸ்.டி.யை பேங்க்கோ ஃபைனான்ஸ் கம்பெனியோதான் கட்டும், 2018 ஜூலையிலேர்ந்து அப்படித்தான். ஏஜென்சிக்குக் கீழன்னா அந்த விதி பொருந்தாது. டெபாசிட்னு ஏதாவது கேட்டாங்களா?

பிரபு: 15,000 கட்டணும்னார். ட்ரெய்னிங்குக்காம்

அம்மா: இதை என்கிட்ட சொல்லவே இல்லையே!

முருகன் சித்தப்பா: கட்டாதே

கோமதி சித்தி: கட்டாதே

வித்யா அக்கா: கட்டாதே. கோடு கொடுக்கறதுக்குக் காசு கேட்டா அது கம்பெனியா, நடுவுல இருக்கற ஆளான்னு முதல்ல பாரு

ராஜி அத்தை: பார்ட்டிகிட்டயும் பைல் சார்ஜுன்னு கையில காசு வாங்காத கண்ணு. நம்ம ஊர்ல பேர் போனா வராது

சேகர் மாமா: ராஜி சொன்னது சரி. கூலி கொடுக்கறது பேங்க். ரெண்டு பக்கமும் வாங்கக் கூடாது. பார்ட்டிக்கு உண்மையைச் சொல்லு. ஃப்ளோட்டிங், அதாவது ஏறி இறங்கற வட்டிக் கடனை முன்னாடியே அடைச்சா தனிநபருக்கு அபராதம் கிடையாது. கடன் முடிஞ்ச 30 நாள்ல பத்திரம் திரும்பணும், பேங்க் தாமதிச்சா நாளைக்கு 5,000 கொடுக்கணும், 2023 டிசம்பர்லேர்ந்து. இதையெல்லாம் நீ சொன்னாத்தான் அடுத்த ஆளை அவரே கூட்டிட்டு வருவார்.

முருகன் சித்தப்பா: ஜாமீன் கேக்கக் கூடாது. யார்கிட்டயும். அதை எழுதி வாங்கு அத்தான்

சேகர் மாமா: ஜாமீன்தாரர் வேணுமான்னு முடிவு பண்றது பேங்க் முருகா. ஆனா சொந்தக்காரங்க யாரையும் கையெழுத்துக்கு இழுக்க மாட்டேன்னு பிரபு சொல்லட்டும்

பிரபு: சத்தியமா மாட்டேன் சித்தப்பா

முருகன் சித்தப்பா: சரி

அம்மா: அப்போ ஷோரூமை விடலை. அதானே?

பிரபு: மெயிலுக்குப் பதில் வரட்டும்மா. பகுதி நேரத்துக்கு அவர் ஒத்துக்குவாரான்னு தெரியலை

அம்மா: ஒத்துக்கலைன்னா?

பிரபு: பார்க்கலாம்மா

கோமதி சித்தி: வலங்கைமான்காரரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்னு இன்னைக்கே சொல்லிடு. நாளைக்கு சாயங்காலம் ஆபீசுக்கு வா, ‘அ’ பதிவேடு எப்படிப் பார்க்கறதுன்னு காட்டறேன்

பிரபு: வரேன் சித்தி. இப்பவே போன் போடறேன் அவருக்கு

ராஜி அத்தை (10:40): எண்ணிட்டேன். குழந்தைங்களோட 21 பேர். 18 சீட் பத்தாது

முருகன் சித்தப்பா: நான் பைக்ல வரேன்