கருப்பட்டி விடிலிக்கு வெளியூர்க்காரர்கள் வருவார்களா?

தேரிக்காடன்:
உடன்குடிப் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்குப் பனங்காடு உண்டு. சித்திரை, வைகாசியில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் கொட்டகையான விடிலியில் அடுப்பு அணையாது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும், வியாபாரி சொல்லும் விலைக்குத்தான் இன்னும் போடுகிறோம். திருச்செந்தூர் வரும் கூட்டத்தில் கொஞ்சம் பேரை இங்கே வரவழைத்து பதநீர், நுங்கு, மதியச் சாப்பாடு கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். "அடுப்பைப் பார்க்கவால துட்டு குடுப்பான்?" என்று பெரியப்பா சிரிக்கிறார். நாலு குடிசை போட்டுத் தங்கவும் வைக்கலாமா? சாப்பாட்டில் பிரியாணி இல்லாவிட்டால் முகம் சுளிப்பார்களோ?

விடிலிக்காரி:
தம்பி, குடிசையில் பணத்தைப் போடாதே. அடுப்பைப் பார்க்கத்தான் துட்டு கொடுப்பான்! கடையில் வாங்கும் கருப்பட்டியில் சீனி கலந்திருக்குமோ என்று எல்லாருக்கும் சந்தேகம். பதநீரை வடிகட்டி, காய்ச்சும் அகலச் சட்டியான தாச்சியில் ஊற்றுவதிலிருந்து கண் முன்னால் நடக்கட்டும். பொங்கி விளிம்புக்கு வரும்போது நசுக்கிய ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போட்டதும் நுரை அப்படியே அடங்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அப்புறம் பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு, உருட்ட வருகிறதா என்று அவர்களையே பார்க்கச் சொல். சிரட்டையில் ஊற்றி ஆறியதை அங்கேயே விற்றுவிடு. இதைப் பார்த்தவன் விலை பேச மாட்டான்.

ஆனால் காலையிலேயே வரச் சொல். வெயில் ஏறிவிட்டால் பதநீரின் ருசி போய்விடும். பிரியாணி எதற்கு? அது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. பனையோலைப் பட்டையில் பதநீர், பதநீரிலேயே பொங்கிய பச்சரிசிப் பொங்கல், கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்ட உளுந்தங்களி. மதியத்துக்கு மணப்பாட்டு மீனில் குழம்பும் முருங்கைக்கீரையும் போதும். பனங்கிழங்கு கேட்பார்கள். அது தை மாதம்தான் என்று சொல்லிவிடு, வேறெங்கோ வாங்கி வைக்காதே.

செட்டிநாட்டு மருமகன்:
காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை விடுதியாக்கி இலைபோட்டுப் பரிமாறுகிறார்கள். அதைப் பார்த்துதான் தங்க வைக்கும் ஆசை வந்ததோ? அங்கே பாதிப் பேர் வருவதே வீட்டையும் ஆத்தங்குடித் தளத்தையும் பார்க்கத்தான். உங்களிடம் இருப்பது தேரி என்கிற செம்மணல் மேடும் பனையும். ராத்திரி தங்கத் திருச்செந்தூரில் அறை இருக்கிறது, விடுங்கள்.

பனையேறி மகன்:
மரம் ஏறுகிறவரைப் பற்றி யாருமே பேசவில்லையே. "அண்ணாச்சி, இன்னொரு தடவை ஏறுங்க, வீடியோ எடுக்கணும்" என்பார்கள். அதற்கு இடமே கொடுக்காதீர்கள். பதநீர் இறங்கப் பாளை சீவுவது காலையிலும் மாலையிலும் நேரம் தவறாமல் நடக்க வேண்டிய வேலை. கையில் அருவாளோடு உச்சியில் இருக்கிறவரைக் கீழேயிருந்து கூப்பிடவும் கூடாது. தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் காசில் அவருக்கு ஒரு பங்கு தனியாக வையுங்கள். அன்பளிப்பு அவரவர் இஷ்டம் என்று விட்டால் ஒன்றும் தேறாது.

தேரிக்காடன்:
சரி, குடிசை வேண்டாம். பங்கு பற்றிப் பெரியப்பாவிடம் பேசுகிறேன். கள் கேட்டு வருகிறவனை என்ன செய்வது? குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு வரும் கூட்டத்தையும் விட மனசில்லை.

விடிலிக்காரி:
கள்ளுக்கு 1987லிருந்து தடை. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்குவது கள்ளாகிவிடும், அப்படி ஒன்றுகூட உன் காட்டில் தொங்கக் கூடாது. தசரா புரட்டாசியில், அப்போது பதநீர் ஏது? வைகாசியில் காய்ச்சியதைப் பரணில் புகை பட வைத்திரு. சுக்குக் கருப்பட்டியும் சேர்த்து வைத்தால் ரோட்டோரத்தில் ஒரு மேசை போதும்.