‘குளிர்தொடக்கம்’ வேண்டாம்: ஜிபிஎஸ் வாங்கிக்குச் சில சொற்கள்

வணக்கம் அண்ணை,

சற்றலைற் அலையை வாங்கி நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் கருவிகளான கைப்பிடி ஜிபிஎஸ் வாங்கிகளின் பழுதறி கையேட்டில், அவை இடம் பிடிக்கத் தொடங்கும் விதங்களைக் குறிக்கும் மூன்று சொற்களோடு நிற்கிறேன்: கோல்ட் ஸ்ராட், வோர்ம் ஸ்ராட், ஹொட் ஸ்ராட். இப்போதைக்குக் குளிர்தொடக்கம், இளஞ்சூட்டுத் தொடக்கம், சூட்டுத் தொடக்கம் என்று போட்டிருக்கிறேன். சற்றலைற்றுகள் அனுப்பும் பாதைக் கணக்குகளான அல்மனாக், எபிமெரிஸ் இரண்டையும் அப்படியே ஒலிபெயர்த்து விடலாமா? ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் வெளிக்கள வேலைக்குப் போகிற பொடியள்தான் இதைப் படிக்கப் போகிறார்கள்.

தம்பி,

குளிர்தொடக்கம் ஆளைப் பிழையான இடத்துக்குக் கொண்டுபோகும் சொல். மாங்குளத்து வெயிலில் வாங்கி இடம் பிடிக்காமல் நிற்கும்போது ‘குளிர்தொடக்கம் செய்க’ என்று கண்டால், பொடியன் அதைப் பாலைமர நிழலுக்குத்தான் கொண்டுபோவான். அங்கே இலைத்தொகுதி, அதுவும் மழை நனைத்த இலை, ஜிபிஎஸ்ஸின் 1575.42 மெகாஹேட்ஸ் அலையை நன்றாக விழுங்கும். வேண்டியது திறந்த வானம். சூடும் குளிரும் இதில் இல்லவே இல்லை. நினைவகத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதே கேள்வி.

அல்மனாக்கை ஏன் ஒலிபெயர்க்க வேண்டும்? அந்தச் சொல்லுக்கு நாங்கள் எப்போதும் சொல்வது பஞ்சாங்கம். எல்லாச் சற்றலைற்றுகளும் எப்போது எங்கே நிற்கும் என்ற பருமட்டான கணக்கு அது. 25 பக்கம், பக்கத்துக்கு 30 செக்கன், முழுதும் இறங்க 12.5 நிமிடம். ஒவ்வொரு சற்றலைற்றும் எல்லாருடைய பஞ்சாங்கத்தையும் வாசிக்கும். எபிமெரிஸ் அப்படியல்ல. தன் சொந்தப் பாதையை மட்டும், நுட்பமாக, 30 செக்கனுக்கு ஒருமுறை சொல்லும். ஏறத்தாழ 4 மணித்தியாலத்துக்குத்தான் செல்லும். திருக்கணிதம் என்று வைக்க ஆசைதான், ஆனால் வாக்கியப் பஞ்சாங்கக்காரர் சண்டைக்கு வருவார்கள். உடன்கணிதம் என்று வைப்போம்.

இனி மூன்று தொடக்கமும் தானாக வரும். ஒன்றும் கையில் இல்லாவிட்டால் வெறுந்தொடக்கம். பஞ்சாங்கம், நேரம், கிட்டத்தட்ட நிற்கும் இடம் மூன்றும் இருந்தால் பஞ்சாங்கத் தொடக்கம். உடன்கணிதமும் காலாவதியாகாமல் இருந்தால் உடன்தொடக்கம்.

வணக்கம் அண்ணை,

பஞ்சாங்கம் பிடித்திருக்கிறது. ‘வெறும்’ என்பது பயனற்றது என்ற பொருளைத் தராதா? இன்னொன்று: வாங்கி காலையில் ஒவ்வொரு நாளும் 15, 20 நிமிடம் தேடுகிறது என்பதுதான் கூடுதலாக வரும் முறைப்பாடு. அதை எந்தச் சொல்லின் கீழ் எழுதுவது?

தம்பி,

வெறும் வயிறு, வெறுங்கை. உள்ளே ஒன்றும் இல்லை என்பதுதான் முதற்பொருள். அது நிற்கட்டும்.

நீ சொல்லும் முறைப்பாடு ஓயா வெறுந்தொடக்கம். பெரும்பாலும் நினைவகத்தையும் கடிகாரத்தையும் காக்க உள்ளே இருக்கும் சின்னச் சேமிப்புக்கலம் செத்திருக்கும். சோதனை இப்படி: திறந்த வெளியில், இரணைமடுக் குளக்கட்டு மாதிரி ஓரிடத்தில், இடம் பிடித்தபின் 20 நிமிடம் ஓடவிடு. நிறுத்தி, பற்றரியைக் கழற்றாமல் 10 நிமிடம் கழித்துப் போடு. ஒரு நிமிடத்துக்குள் பிடிக்க வேண்டும். மறுபடி நிறுத்து. இம்முறை இரண்டு ‘ஏஏ’ பற்றரியையும் கழற்றி, 10 நிமிடம் வைத்து, திரும்பப் போடு. முதலில் விரைவு, இரண்டாவதில் இழுவை என்றால் கலம்தான். சில மாதிரிகளில் பஞ்சாங்கம் அழியாமல் கடிகாரம் மட்டும் நின்றுவிடும். பலன் ஒன்றே: நேரம் தெரியாதவனுக்குப் பஞ்சாங்கம் எதற்கு?

இரண்டு முறையும் இழுத்தால் கலத்தைச் சந்தேகிக்காதே. வாங்கியின் சற்றலைற் திரையில் அலைவலுவைக் காட்டும் பட்டைகளைப் பார். எல்லாமே குட்டை என்றால் அன்ரனா, அல்லது தகரக் கூரைக்குப் பக்கத்தில் நிற்கிறாய். பட்டை உயரமாக நின்றும் கருவி இடையிடையே அணைந்தால் பற்றரிப் பெட்டியைத் திற. பற்றரியைத் தொடும் கம்பிச் சுருளில் வெள்ளைப் பொடி இருந்தால் அது அல்கலைன் கசிவு. பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் வினாகிரி தொட்டுத் துடை, பிறகு ஐசோபுரோப்பைல் அற்ககோல், பிறகு உலரவிடு. சுருளை உரஞ்சிப் பூச்சைக் கழற்றிவிடாதே. 1.2 வோல்ற்று மீள்மின்னேற்றப் பற்றரி போட்டிருந்தால் அமைப்பிலும் அதே வகையைத் தெரிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பற்றரி அளவுகாட்டி பொய் சொல்லும்.

முழுமீட்டமைப்பை, அதாவது மாஸ்ரர் ரீசெற்றை, கடைசியில் வை. பதிந்த புள்ளிகளெல்லாம் போய்விடும். முன்கூட்டியே கணினிக்கு மாற்றச் சொல்லி எழுது.

இடம் சரி, திகதி மட்டும் 19 வருடத்துக்கு மேல் பின்னால் போயிருந்தால் அது வேறு கதை. சற்றலைற் அனுப்பும் வார எண்ணுக்கு 10 பிற்றுதான், அதாவது பத்து இரும இலக்கம்தான், 1024 வாரத்தில் சுழியாகும். 1999 ஓகஸ்டிலும் 2019 ஏப்ரல் 6 நள்ளிரவிலும் அப்படி ஆனது. எங்கள் அறுபது வருட வட்டம் அட்சயவில் முடிந்து பிரபவவுக்குத் திரும்புகிற மாதிரி. இதற்கு வாரவட்டத் திரும்பல் என்று வை. உள்மென்பொருளைப் புதுப்பிப்பதே வழி.

வணக்கம் அண்ணை,

எல்லாம் சேர்க்கிறேன். ஆள்கூறு பிழைப்பதையும் பழுது என்ற தலைப்பில் போடலாமா?

தம்பி,

போடாதே, அதற்கு ‘அமைப்புப் பிழை’ என்று தனித் தலைப்பு. கிளிநொச்சி நகரம் இலங்கை நில அளவைப் படங்களின் பழைய ஆள்கூற்று வலையான கண்டவளை வலையில் கிழக்கு 159 ஆயிரம், வடக்கு 464 ஆயிரம் அளவில் வரும். 1999 வலையில் இரண்டோடும் 300 ஆயிரம் மீற்றர் கூடும், ஏனென்றால் தொடக்கப் பெறுமானம் 200 ஆயிரத்திலிருந்து 500 ஆயிரத்துக்குப் போனது. கிழக்கு மேற்காக 200 மீற்றருக்குச் சற்றுக் கூட விலகினால் டேற்றம், அதாவது ஆள்கூறு அளக்கும் அடிப்படை, உலகத் தரத்தில் நிற்கிறது, கண்டவளைக்கு மாற்று. உயரம் கிட்டத்தட்ட 100 மீற்றர் குறைந்து, கடலுக்குக் கீழே நிற்பதாகக் காட்டினாலும் பதற வேண்டாம். எங்கள் பக்கக் கடல்மட்டம், பூமிக்குக் கணிதத்தில் வைத்த வடிவமான நீள்கோளத்துக்கு அவ்வளவு கீழே கிடக்கிறது. வாங்கி அந்தத் திருத்தத்தைச் சேர்க்கவில்லை.

வணக்கம் அண்ணை,

வெறுந்தொடக்கப் படியை இப்படி எழுதினேன்: ‘வானம் திறந்த இடத்தில் நின்று, வாங்கியை அசைக்காமல், 15 நிமிடம் விடுக.’

தம்பி,

‘அசைக்காமல்’ வேண்டாம், கையில் பிடித்தால் அசையத்தான் செய்யும். ‘இடம் மாறாமல்’ என்று போடு. 15ஐ 20 ஆக்கு; இடையில் ஒரு பக்கம் தவறினால் அது மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும்.