விறகுக் கொட்டகைக்கும் வீட்டு வரி: கொடைக்கானல் ஏரிப் பக்கத்து வீடுகள்

ஏரிமேட்டு டீச்சர்:
வணக்கம். கொடைக்கானல் ஏரியிலிருந்து ஏற்றத்தில் பத்து நிமிடம் நடந்தால் எங்கள் வீடு. அப்பா 1971ல் கட்டியது. கருங்கல் சுவர், தகரக் கூரை. நானும் வீட்டுக்காரரும் மட்டும் இருக்கிறோம், ஓய்வூதியம்தான் வருமானம்.

அப்பா வீட்டு வரி ரசீதுகளைக் கம்பியில் குத்திச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைப்பார். அதே கம்பியில்தான் நானும் குத்துகிறேன். போன வாரம் எல்லாவற்றையும் கழற்றித் தரையில் பரப்பிப் பார்த்தேன். 2008க்குப் பிறகு வருடக்கணக்கில் ஒரே தொகை, அரையாண்டுக்கு 1,400 ரூபாய். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க உயர்த்தினார்கள். நகராட்சிகளில் குடியிருப்பு 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. எங்கள் வீடு 1,180 சதுர அடி. 50 சதவீதம்தான் என்று நினைத்திருந்தோம்.

அளக்க வந்தவர் வீட்டைச் சுற்றி டேப் பிடித்துவிட்டு, பின்பக்கத்து விறகுக் கொட்டகையையும் அளந்தார். நான்கு மரக்கால், மேலே தகரம், ஒரு பக்கம்கூடச் சுவர் கிடையாது. சாரலில் விறகு நனையாமல் இருக்கப் போட்டது. அது 110 சதுர அடி. மொத்தம் 1,290 என்று எழுதிக்கொண்டு போனார். 75 சதவீதத்துக்குள் போய்விட்டோம். 1,400 ரூபாய் 2,450 ஆனது. 2024ல் வந்த 6 சதவீத உயர்வோடு இப்போது 2,597.

கொட்டகை போகட்டும். ஏரிப் பக்கம் என்பதால் எங்கள் தெருவின் மண்டல மதிப்பே, அதாவது ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து வரிக் கணக்குக்கு வைக்கும் மதிப்பே, அதிகம். சுற்றிலும் லாட்ஜ் வந்ததால் ஏறிய மதிப்பு அது. சீசனில் ஒரு ராத்திரிக்கு ஐயாயிரம் வாங்கக்கூடிய இடத்தில் இருக்கிறோம், சரி. அந்த ஐயாயிரத்தில் ஒரு ரூபாய் எங்கள் கைக்கு வந்ததில்லையே. குடியிருக்கிற வீட்டுக்கு ஏன் அந்தக் கணக்கு?

கணக்குப்பிள்ளை:
டீச்சர், கொட்டகை விஷயத்தில் நான் உங்கள் பக்கம். அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் உயர்வே அநியாயம் என்பதை ஏற்க முடியாது. சமவெளியில் ஒரு நகராட்சியின் வருவாய்ப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

2008லிருந்து 2022 வரை 14 வருடம். அந்தக் காலத்தில் கொத்தனார் கூலி எத்தனை மடங்கு ஆனது? நடுவில் 2018ல் உயர்த்தினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 2019 நவம்பரில் நிறுத்தி வைத்து, கூடுதலாகக் கட்டியவர்களுக்கு வரவு வைத்துக் கொடுத்தார்கள். இப்படித் தள்ளித் தள்ளிப் போட்டதால்தான் 2022ல் ஒரேயடியாக விழுந்தது. வருடம் கொஞ்சமாக ஏறியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. அதோடு, மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாகச் சொத்து வரி வசூலும் ஏற வேண்டும், அப்போதுதான் நகரங்களுக்கு மானியம் என்று மத்திய அரசின் 15வது நிதிக் குழு 2021-26 காலத்துக்கு நிபந்தனை போட்டது. வரியை ஏற்றாமல் இருந்திருந்தால் அந்த மானியத்தையும் இழந்திருப்போம்.

உங்கள் 2,597ஐ ஆறால் வகுத்தால் மாதம் 433 ரூபாய். மலையூரில் செலவு சமவெளியைவிட ஜாஸ்தி. ஒரு மழைக்கு ரோடு அரித்துக்கொண்டு போகும். மனோரத்தினம் சோலை நீர்த்தேக்கத்துத் தண்ணீரை மேடும் பள்ளமுமான தெருக்களுக்கெல்லாம் கொண்டு சேர்க்க வேண்டும். சுற்றுலா வந்தவர்கள் போட்டுவிட்டுப் போகும் குப்பையை அள்ள வேண்டும். இதற்கெல்லாம் ஊருக்கென்று சொந்த வருமானம் வேண்டாமா?

ஏரிமேட்டு டீச்சர்:
வேண்டும் சார். கட்ட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை, ஒரு அரையாண்டுகூடப் பாக்கி வைத்ததில்லை. ஆனால் குடிநீருக்கும் குப்பைக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்டுகிறேன். மே மாதம் ஊர் நிரம்பிவிட்டால் லாரித் தண்ணீரும் வாங்குகிறேன். தகரக் கூரைக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்காவிட்டால் துருப்பிடித்து ஒழுகும். போன முறை ஆணி அடித்த இடமெல்லாம் ஓட்டை, மழை ராத்திரியில் வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாதம் 433 என்பது தனியாகப் பார்த்தால் சின்னத் தொகைதான். ஓய்வூதியத்தில் இருப்பவர்களுக்கு அது தனியாக வருவதில்லை.

பாம்பார்புரம்:
நான் இரண்டு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். டீச்சர் சொல்வதைப் படிக்கும்போது ஏதோ நாங்கள்தான் உங்கள் வரியை ஏற்றிவிட்டது போல இருக்கிறது, மனசு கஷ்டமாகிவிட்டது. என் அறைகளுக்கு வணிக வரிதான் கட்டுகிறேன். 2022ல் வணிகக் கட்டடத்துக்கு அளவு வித்தியாசமே கிடையாது, எல்லாவற்றுக்கும் 100 சதவீதம் ஏறியது. கரண்ட் பில்லும் வணிகம்தான். 2024 மே 7ல் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு தொடங்கிய வாரம் என் இரண்டு அறையும் காலி. வரி நோட்டீஸ் அதற்காகக் குறைந்து வரவில்லை.

கோபப்பட வேண்டியது யார் மேல் என்று சொல்கிறேன். குடியிருப்பு என்று எழுதிக்கொடுத்துவிட்டு, உள்ளே ஆறு அறை எட்டு அறை பிரித்து மொபைல் ஆப்பில் வாடகைக்கு விடுகிறார்களே, அவர்கள் மேல். டீச்சர் வீட்டுக் கொட்டகையை அளக்கும் டேப் அந்த வீட்டு மாடிப்படி ஏறினால் போதும், ஊருக்கு வேண்டிய காசு வந்துவிடும்.

ஏரிமேட்டு டீச்சர்:
தம்பி, உங்களைச் சொல்லவில்லை. ஒழுங்காகக் கட்டுகிறவர்களை ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருவிலும் நீங்கள் சொல்லும் மாதிரி வீடு இருக்கிறது.

காந்தல்வாசி:
ஊட்டியிலிருந்து எழுதுகிறேன், வாடகைக்கு இருப்பவன். வீட்டுக்காரர்கள் கஷ்டத்தையே எல்லோரும் பேசுகிறீர்கள். 2022ல் வரி உயர்ந்ததும் எங்கள் வீட்டுக்காரர் மாத வாடகையில் 500 ரூபாய் ஏற்றினார். அரையாண்டுக்கு 3,000. வரி எவ்வளவு ஏறியது என்று கேட்டேன், ரசீதைக் காட்டவில்லை. யார் பெயரில் நோட்டீஸ் வந்தாலும் கடைசியில் கட்டுவது நாங்கள்தான்.

இன்னொன்று. ஊட்டி ஏரி 1820களில் ஜான் சல்லிவன் உண்டாக்கியது. கொடைக்கானல் ஏரி 1863ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் கரை கட்டித் தேக்கியது. இரண்டும் இயற்கையாக வந்த ஏரி இல்லை, மனிதர் கட்டியவை. பராமரிப்பதும் தூர் வாருவதும் பொதுப்பணத்தில். அந்த ஏரியால் ஏறும் நிலத்தின் விலை மட்டும் ஏரியைப் பார்த்த வீட்டுக்காரருக்குப் போய்ச் சேர்கிறது. அதில் கொஞ்சம் ஊருக்குத் திரும்ப வரட்டும் என்றால் அது எப்படித் தப்பாகும்? ஏரி தெரியாத தெருவில் 500 சதுர அடியில் இருப்பவரும் ஏரிமேட்டு வீடும் ஒரே விகிதத்தில் கட்ட வேண்டுமா?

ஏரிமேட்டு டீச்சர்:
நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன். விலை ஏறியிருக்கிறது, உண்மை. ஆனால் அந்த விலை விற்றால்தானே கைக்கு வரும்? ஒரே வீடு, அதில் தானே குடியிருக்கிறார் என்றால் மண்டல மதிப்பை ஏற்றாமல் வைத்திருங்கள். என்றைக்கு அந்த வீடு கைமாறுகிறதோ, அன்றைக்கு வித்தியாசத்தை மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். என் பிள்ளைகள் விற்றால் அவர்கள் கட்டட்டும். நான் இந்த வீட்டில் சாகும்வரை இருக்க நினைப்பவள். என்னிடம் நிலத்தின் விலையைக் கேட்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் நிற்காது. குழாய் இந்த வருடம் உடைகிறது, உங்கள் பிள்ளைகள் விற்கும் வருடத்தில் இல்லை. அப்புறம், 4,000 சதுர அடி பங்களாவைக் கட்டிப் போட்டுவிட்டு வருடத்தில் பத்து நாள் வந்து தங்கும் சென்னைக்காரரும் "என் சொந்தக் குடியிருப்பு" என்றுதான் எழுதிக் கொடுப்பார். முதல் சலுகை அவருக்குத்தான் போகும்.

ஏரிமேட்டு டீச்சர்:
ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடாதா? ஓட்டு எங்கே? ஜனவரி உறைபனியில் யார் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எங்கள் தெருப் பால்காரருக்குக்கூடத் தெரியும். ஊரில் வாழ்கிறவரையும் வந்து போகிறவரையும் பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமான வேலை இல்லை சார்.

காந்தல்வாசி:
இதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சலுகை 1,200 சதுர அடிக்கு மேல் போகக் கூடாது. வாடகைக்கு விடும் வீடு என்றால் வரி ரசீதின் நகலை வாடகைக்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

பாம்பார்புரம்:
1,200 என்று வைத்தால் டீச்சருக்கே கொட்டகை குறுக்கே நிற்குமே. முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஆமாம், அதற்குத்தான் வருகிறேன். டீச்சர், வீட்டை நீங்களே ஒருமுறை அளந்து தாளில் வரைந்து வையுங்கள். கொட்டகையை நான்கு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுங்கள், சுவர் இல்லை என்பது தெரிய வேண்டும். 2022க்கு முந்தைய ரசீது ஒன்று, இப்போதைய ரசீது ஒன்று, வரி விதிப்பு எண் இவற்றோடு நகராட்சி ஆணையருக்குச் சீராய்வு மனு கொடுத்து மறு அளவீடு கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். அங்கே நடக்கவில்லை என்றால் நகராட்சி மன்றத்தின் வரி விதிப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. 50 சதவீதம் என்று திருத்தினால் 2,100, 6 சதவீதம் சேர்த்து 2,226 வரும். மனு நிலுவையில் இருக்கிறது என்று வரியை நிறுத்தி வைக்க வேண்டாம். அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி.

ஏரிமேட்டு டீச்சர்:
நேற்று சாயங்காலம் மழை விட்ட நேரம் பார்த்து இருவரும் அளந்தோம். அவர் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டார், நான் நோட்டில் குறித்தேன். கொட்டகை இல்லாமல் 1,184. போட்டோவும் எடுத்தாயிற்று, ஒன்றில் எங்கள் நாய் விறகு மேல் படுத்திருக்கிறது. திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறேன். வரியையும் அன்றைக்கே கட்டிவிடுகிறேன்.

மண்டல மதிப்பு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை சார். அதைத் தனி மனுவாக எழுதி, தெருவில் இருக்கும் பதினோரு வீட்டிலும் கையெழுத்து வாங்குகிறேன். ஆப்பில் அறை விடும் வீட்டிலும் போய்க் கேட்பேன்.